பொருநைக் கரையில் தெய்வமும் இயந்திரமும்

நமது வட்டம் பத்தாம் ஆண்டை நிறைவு செய்யும் இம்மலரில் கவிதையைப் பற்றி எழுதாமல் இயந்திரத்தைப் பற்றி எழுத முற்படுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் கவிதைக்கும் மந்திரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சொல் செயலாகும் என்னும் நம்பிக்கையின் மீதுதான் இரண்டும் நிற்கின்றன. அந்தச் சொல்லையும் அதற்குத் துணைநிற்கும் வடிவத்தையும் இன்று கணிப்பொறியும் கைப்பேசியும் சுமந்து செல்கின்றன; சுமப்பதோடு அமையாமல் தாமே படைக்கவும் தலைப்பட்டுவிட்டன. மின்னணுக் கருவிகளுக்குள் உறையும் நம்பிக்கையையும் மாயத்தையும் உலகின் பல பகுதிகளிலும் உள்ள ஓவியர்களும் சிற்பிகளும் தம் படைப்புக்குப் பொருளாக்கி வருகின்றனர். இதனைப் புத்தம் புதிய சிந்தனை என்று கருதுவோர் உண்டு. பொருநைக் கரையில் வாழ்ந்தோர்க்கு இது அத்துணைப் புதிதன்று என்பதை வரலாற்றின் வழியே காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சும் வழிபாடும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கி, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே சமயப்பணி ஆற்றியவர் போர்த்துக்கல் நாட்டினரான அண்டிரிக் அடிகளார். அவர் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கங்களே கொண்ட அச்சிறு நூல்தான், இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்துகளில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல். வாணிகக் கணக்கை எழுதவோ அரசாணையை அறிவிக்கவோ அச்சுப்பொறி தமிழுக்கு முதலில் வரவில்லை. இறைவணக்கத்தைச் சுமந்துகொண்டே வந்தது. இயந்திரம் வந்தால் நம்பிக்கை அகலும் என்று பின்னாளில் பலர் கருதினர். இவ்வாற்றின் கழிமுகத்தில் நிகழ்ந்தது அதற்கு நேர்மாறானது.

ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்றால், கடனா நதி தாமிரபரணியோடு கலக்குமிடத்தை அடுத்துத் திருப்புடைமருதூர் இருக்கிறது. அங்குள்ள நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்து ஐந்து நிலைகளின் உட்புறமும் சுவரோவியங்கள் நிறைந்துள்ளன. மரத்தூண்களிலும் உத்திரங்களிலும் சிற்பங்கள் உள்ளன. புராணக் காட்சிகளோடு, குதிரைகளை ஏற்றிவரும் கப்பலும் போர்க்களமும்கூட அங்கே தீட்டப்பட்டுள்ளன. அவற்றைத் தீட்டியவர்களின் பெயரை நாம் அறியோம். குறுகிய படிகளில் ஏறி, மங்கிய ஒளியில் காண வேண்டிய அவ்வோவியங்கள் பெருங்கூட்டத்தின் பார்வைக்கென வரையப்பட்டவை என்று சொல்வதற்கில்லை. இருளில் இருந்தாலும், எவரும் காணாது போனாலும், அங்கே இருப்பதுதான் அவற்றின் பயன் என்று கருதினார்கள் போலும்.

இக்கருத்தை மனத்தில் இருத்தினால்தான் பின்னர் நேர்ந்த மாற்றத்தின் அளவு விளங்கும். ஓர் இடத்தில், ஒரு சுவரில், ஒருமுறை மட்டும் எழுதப்பட்ட தெய்வ வடிவம் வீடுதோறும் சென்று சேர்ந்த கதை அது.

கோவில்பட்டி ஓவியர்

கேரள மண்ணில் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக் கூடம் ஒன்றை நிறுவி, இலக்குமியையும் சரசுவதியையும் வண்ணப் படங்களாக நாடெங்கும் அனுப்பினார். கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களின் குடிசைகளிலும் அப்படங்கள் தொங்கின. இதைக் கலையின் வீழ்ச்சி என்று பழித்தவர்களும் உண்டு. கருவறையை எட்டிப் பார்க்கவும் இடமில்லாதவனுக்கு அரைக்கால் காசுப் படம் எதைக் கொடுத்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்பது ஐயமே.

நெல்லைச் சீமையில் அப்பணியைத் தொடர்ந்தவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் சிலகாலம் வாழ்ந்தவர். பின்னர் ஊர் ஊராய்ச் சென்ற நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டு தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்னும் கூடத்தை நடத்தினார். அந்நாளில் கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திருமணம் செய்துகொள்ளாது, மாணவர்களையே குடும்பமாகக் கொண்டு வாழ்ந்தார். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் முதலியோர் அவரிடம் பயின்று தாமும் புகழ் பெற்றனர்.

கோவில்பட்டிக்கு அருகில் சிவகாசி. தீப்பெட்டிக்கு ஒட்டும் சீட்டை அச்சிடத் தொடங்கிய அவ்வூர், விரைவிலேயே நாட்காட்டி அச்சில் நாட்டுக்கே தலைநகராயிற்று. கொண்டையராஜுவும் அவர்தம் மாணவர்களும் எழுதிய முருகனும் மீனாட்சியும் கசலட்சுமியும் அங்கிருந்து இலட்சக்கணக்கில் புறப்பட்டுப் போயினர். மளிகைக் கடையின் பெயரும் துணிக்கடையின் முகவரியும் அடியில் அச்சாகியிருக்க, மேலே தெய்வம் நேர்கொண்ட பார்வையோடு நின்றது. நாடகத் திரைச்சீலையின் மலையும் அருவியும் மாடமும் அத்தெய்வத்துக்குப் பின்புலமாயின. மேடை விளக்கின் ஒளி தெய்வத்தின் கன்னத்தில் படிந்தது.

இங்கே கவனிக்கத்தக்கது மக்கள் அப்படங்களை நடத்திய முறை. ஆண்டு முடிந்து தேதித்தாள்கள் கிழிந்து தீர்ந்தபின், வாணிகப் பெயரை வெட்டி நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிட்டுப் பூசையறையில் வைத்தனர். கத்தரிக்கோலின் ஒரு வெட்டில் விளம்பரம் விக்கிரகமாயிற்று. பொட்டு வைத்து, பூச்சூட்டி, சூடம் காட்டி, நாள்தோறும் கண்ணோடு கண் நோக்கினர். கோயில் சிற்பி இறுதியாகத் தெய்வத்தின் கண்ணைத் திறக்கும் சடங்கு நாம் அறிந்ததே. அச்சுப்படத்துக்கு அச்சடங்கு இல்லை. ஆனால் வீட்டுப் பெண்கள் வைத்த முதற்பொட்டே அதற்குக் கண்திறப்பாயிற்று. புகை படிந்து நிறம் மங்கி, இனி வைத்துக்கொள்ள இயலாத நிலை வந்தபோதும் அதனைக் குப்பையில் எறியாமல், அரசமரத்தடியில் சாத்திவைத்தனர், ஆற்றில் விட்டனர். இலட்சத்தில் ஒன்றாக இயந்திரத்தில் பிறந்த படம், ஒரு வீட்டின் தனிப்பொருளாக முதுமையடைந்து மறைந்தது.

செர்மானிய அறிஞர் வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், இயந்திரத்தால் படியெடுக்கப்படும் கலைப்பொருள் தன்னைச் சூழ்ந்த ஒளிவட்டத்தை இழக்கிறது என்று வாதிட்டார். ஐரோப்பிய ஓவியத்துக்கு அது பொருந்தலாம். கோவில்பட்டிப் படங்களின் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. ஒளிவட்டம் பொருளில் மட்டும் இருந்தால்தான் படியெடுக்கும்போது குறையும். வழிபடுவோர் செயலில் இருந்தால், படிகள் பெருகப் பெருக அதுவும் பெருகும்.

மின்சாரமும் கொடைவிழாவும்

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. அகத்தியர் அருளால் பொதிகையில் பிறந்ததாகப் புராணம் கூறும் ஆறு, கம்பி வழியே ஒளியாகவும் ஓடத் தொடங்கிற்று. ஊர்கள் ஒவ்வொன்றாக மின்சாரம் பெற்றபோது, அது வீட்டுக்கு வந்த அளவுக்கு ஆர்வத்தோடு கோயில் கொடைக்கும் வரவேற்கப்பட்டது. கூம்புக் குழல் ஒலிபெருக்கி வந்தது. அதன்பின் சீரியல் செட் வந்தது.

அந்தச் சீரியல் செட்டைப் பற்றி நம் கலைவரலாற்று நூல்கள் பேசுவதில்லை. மூங்கிலாலும் சட்டங்களாலும் கட்டிய உயர்ந்த தட்டியில் நூற்றுக்கணக்கான சிறு விளக்குகளால் முருகனையும் மயிலையும் காளியையும் வரைந்தனர். மோட்டாரால் சுழலும் உருளை ஒன்றின்மேல் செப்புத் தகட்டை அளவாக வெட்டிப் பொருத்தினர். தகடு தொடும் இடத்தில் விளக்கு எரியும். தொடாத இடத்தில் அணையும். அதனால் மயில் தோகை விரித்தது, காளியின் சூலம் இறங்கியது, சக்கரம் சுழன்றது. எரிவது, அணைவது என்னும் இரண்டே நிலைகளால் ஓர் உருவத்தை இயக்குவதுதான் கணிப்பொறியின் அடிப்படையும். ஒன்றும் சுழியமும் என்று இன்று பாடநூல் கூறுவதை, மின்பணியாளர்கள் செப்புத் தகட்டில் வெட்டி ஊர் மந்தையில் நிறுத்தினார்கள். அதன்முன் நின்று கைகூப்பியவர்களுக்கு, அது விளக்கு என்பதும் தெரியும். தெய்வம் என்பதும் தெரியும். இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்னும் நெருக்கடி அவர்களுக்கு நேரவில்லை.

வில்லும் நாடாவும்

படத்துக்கு நேர்ந்தது பாட்டுக்கும் நேர்ந்ததா என்பது அடுத்த வினா. இங்கேதான் நாம் தயங்கி நிற்க வேண்டியுள்ளது.

தென்பாண்டிச் சீமையின் வில்லுப்பாட்டு வெறும் இசைக்கலை அன்று. குடத்தின் கழுத்தில் வில்லைப் பிணைத்து, மணிகள் குலுங்க வீசுகோலால் நாணைத் தட்டி, உடுக்கையும் தாளமும் கட்டையும் துணைசெய்யத் தெய்வத்தின் பிறப்பையும் வாழ்வையும் இறப்பையும் பாடுவது அது. இராபர்ட் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலிலேயே மணிகள் கட்டிய அவ்வில்லையும் அதன் ஓசையில் எழும் ஆவேச ஆட்டத்தையும் விவரித்துள்ளார். அவர் அதனை வெறுப்போடுதான் நோக்கினார். எனினும் ஓசைக்கும் அருளுக்கும் உள்ள தொடர்பு அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. பின்னர் 1970களில் தென்கோடியில் களஆய்வு செய்த அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கதையின் எக்கட்டத்தில் சாமி இறங்குகிறது என்பதை நுணுகி ஆராய்ந்து 1988இல் நூலாக்கினார்.

வில்லிசை ஊடகங்களுக்குள் சென்றதும் உண்மை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதனைச் சீர்திருத்தக் கருத்துகளுக்குக் கருவியாக்கினார். நெல்லை மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) வானொலி வழியாகவும் மேடை வழியாகவும் தமிழகமெங்கும் அதனைக் கொண்டு சேர்த்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1963இல் திருநெல்வேலியில் வானொலி நிலையம் தோன்றியபின் வில்லின் ஓசை வீட்டுக்குள்ளும் கேட்டது. ஒலிநாடாக்கள் பரவியபின் சுடலைமாடன் கதையும் இசக்கியம்மன் கதையும் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் ஒலித்தன.

செலவு தாங்காத சிறு கோயில்களில், வில்லுக் குழுவை அழைக்காமல் நாடாவை ஒலிக்கவிட்டுக் கொடையை நடத்தும் வழக்கமும் தலைகாட்டியது. அப்படி ஒரு கொடையைச் சேரன்மாதேவிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் நான் கண்டிருக்கிறேன். நள்ளிரவில் பாட்டு உச்சத்தை எட்டியது. சாமியாடும் பெரியவர் இடுப்பில் கச்சையோடு, கண்மூடி நின்றார். உடல் நடுங்கத் தொடங்கிய வேளையில் நாடா அடுத்த பகுதிக்குச் சென்றுவிட்டது. வரி ஓடிவிட்டது, அவர் இன்னும் வந்து சேரவில்லை. ஊர்க்காரர் ஒருவர் ஓடிச்சென்று நாடாவைப் பின்னோக்கிச் சுழற்றினார். மீண்டும் அவ்வரி ஒலித்தபோது நடுக்கம் அடங்கியிருந்தது. பெரியவர் விபூதியைப் பூசிக்கொண்டு ஓரமாய் அமர்ந்தார். எவரும் எதுவும் பேசவில்லை. பின்னர் ஒரு முதியவர் உடுக்கையை எடுத்துத் தாமே அடிக்கத் தொடங்கினார்.

வில்லுப் பாடும் புலவர் பாட்டை மட்டும் பாடுவதில்லை. சாமியாடியின் முகத்தையும் பாதத்தையும் பார்த்துக்கொண்டே பாடுகிறார். அருள் தயங்கினால் வரியை நீட்டுகிறார், எழுந்துவிட்டால் தாளத்தை விரைவாக்குகிறார், மிகுந்துவிட்டால் தணிக்கிறார். படம் பார்ப்பவரைப் பார்த்தாலே போதும். பாட்டோ கேட்பவருக்கு விடைகூற வேண்டும். நாடா விடைகூறாது. ஆகவே படத்துக்கு வாழ்வு தந்த இயந்திரம் பாட்டுக்கு வாழ்வு தரவில்லை. வில்லுக் குழுக்களுக்கு உரிய இரவுகளையும் அது குறைத்தது. ஓர் இரவுக் கொடை என்பது ஒரு குடும்பத்தின் சில நாள் அடுப்பு என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

திரையில் தோன்றிய தெய்வம்

1975இல் வெளிவந்த 'ஜெய் சந்தோஷி மா' என்னும் இந்திப் படத்துக்கு வந்தோர் காலணியைக் கழற்றிவிட்டு அரங்கினுள் நுழைந்தனர். திரையை நோக்கிப் பூவும் காசும் எறிந்தனர். 1987–88இல் இராமாயணத் தொடர் ஒளிபரப்பானபோது, தொலைக்காட்சிப் பெட்டிக்கே மாலை சூட்டிச் சூடம் காட்டிய வீடுகள் பல. 2020 மே மாதம், பெருந்தொற்றுக் காலத்தில், மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் அடியார் இன்றி நிகழ்ந்து இணையவழியே ஒளிபரப்பாயிற்று. அந்த நல்வேளையில் பெண்கள் தம் வீட்டுத் திரைமுன் அமர்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டனர். கண்ணாடித் திரைக்கு அப்பால் நிகழ்ந்த மணம், இப்பால் இருந்த கழுத்தில் மஞ்சளாய் நின்றது.

கொரியாவில் பிறந்து மேலைநாடுகளில் புகழ்பெற்ற கலைஞர் நாம் ஜூன் பைக் 1974இல் ஆக்கிய படைப்பொன்று இங்கே நினைக்கத்தக்கது. புத்தர் சிலை ஒன்று தொலைக்காட்சிப் பெட்டியின்முன் அமர்ந்திருக்கிறது. ஒளிப்படக் கருவி அச்சிலையை நோக்கியிருக்கிறது. ஆகவே புத்தர் திரையில் தம்மையே ஓயாது நோக்கியவண்ணம் இருக்கிறார். இது தியானமா, தற்காதலா என்று உலகக் கலையறிஞர்கள் வினவினர். நம்மவர் கண்ணுக்கு வேறொன்றும் தோன்றும். அங்கே பொட்டு வைப்பதற்கு ஒருவரும் இல்லை. தெய்வமும் கருவியும் தம்முள் முழுமையாக மூடிக்கொண்ட வட்டம் அது. அடியாருக்கு அதில் இடமில்லை.

நெல்லை மண் தந்த புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னை நகரத் தெருவில் இறங்கி வருகிறார். நகரம் அவரை எவ்வாறு நடத்தியது என்பதை நாம் அறிவோம். இன்று அவர் வந்தால், முதலில் தம் உருவம் எத்தனை கைப்பேசிகளில் காலை வணக்கத்தோடு வந்து விழுகிறது என்று எண்ணவே நேரம் போதாது.

விடைகூறும் இயந்திரம்

2022 முதல் செயற்கை நுண்ணறிவு கொண்டு படம் வரையும் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்துள்ளன. சொல்லைக் கொடுத்தால் படம் வருகிறது. மந்திரத்துக்கு நம் முன்னோர் கூறிய இலக்கணம் ஏறத்தாழ இதுவே. பனிமலையில் முருகனும் பொன்மாளிகையில் அம்மனும் நொடியில் தோன்றுகின்றனர். அக்கருவிகள் உலகெங்கும் உள்ள கோடிக்கணக்கான பழம்படங்களைக் கண்டு பயின்றவை. அவை காட்டும் தெய்வத்தின் கன்னத்து ஒளியிலும் பின்புல அருவியிலும் நாட்காட்டி ஓவியர்களின் கைவண்ணம் நிழலாடக் காண்கிறேன். கையெழுத்து மட்டும் இல்லை. திருப்புடைமருதூர் ஓவியர் பெயரின்றிப் போனது அக்கால மரபு. கோவில்பட்டி ஓவியர்கள் தம் பெயரை எழுதிவைத்தும் பெயரின்றிப் போவது இக்காலத்தின் அநீதி.

இன்னொரு மாற்றம் இதனினும் ஆழமானது. நாடா விடைகூறாது என்று மேலே சொன்னோம். இன்றைய கருவி விடைகூறுகிறது. சாமியாடியின் நடுக்கத்தை அளந்து தாளத்தை விரைவாக்கும் கருவியைச் செய்வது நாளை அரிதாக இராது. அப்போது நம் வாதம் என்னாகும்?

வில்லுப் புலவரிடம் இருப்பது விடைகூறும் திறன் மட்டுமன்று. கொடைக்கு முன் சாமியாடி விரதம் இருக்கிறார். புலவர் குருவை வணங்கி, அவையை வணங்கி, பிழை பொறுக்க வேண்டிக்கொண்டு பாடத் தொடங்குகிறார். கதையில் தவறு நேர்ந்தால் தெய்வம் தம்மைக் கேட்கும் என்னும் அச்சம் அவருக்கு உண்டு; ஊர் தம்மைக் கேட்கும் என்னும் அச்சமும் உண்டு. விடைகூறுவது வேறு, விடைகூறக் கடமைப்பட்டிருப்பது வேறு. கருவி முன்னதைச் செய்யும். பின்னதற்கு இழப்பதற்கு ஏதேனும் ஒன்றை உடையவராக இருத்தல் வேண்டும். கருவிக்கு விரதம் இல்லை. ஏனெனில் அதற்குப் பசி இல்லை.

தேய்ந்த செருப்பு

பொதிகை அடிவாரத்தில், காரையாற்றங்கரையில், சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசையன்று பெருந்திரளான மக்கள் கூடும் அக்காட்டுக் கோயிலில் முத்துப்பட்டனுக்கும் வழிபாடு உண்டு. அந்தணர் குலத்தில் பிறந்து, சக்கிலியப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, செருப்புத் தைத்து வாழ்ந்து, பசுக்களைக் காக்கும் போரில் உயிர்நீத்தவன் அவன். அவன் கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) பதிப்பித்து உலகறியச் செய்தார். அவனுக்கு அடியார்கள் இன்றும் செருப்பையே காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுகின்றனர். தொங்கவிட்ட புதுச்செருப்பு நாளடைவில் தேய்ந்திருக்கும் என்றும், இரவில் பட்டன் அதனை அணிந்து காட்டில் காவல் நடக்கிறான் என்பதற்கு அதுவே சான்று என்றும் மக்கள் நம்புகின்றனர்.

கொண்டையராஜுவின் படம் புகையில் மங்கிற்று. வில்லின் நாண் தளர்ந்தது. சாமியாடியின் குரல் கம்மிற்று. செருப்பு தேய்ந்தது. தெய்வம் வந்துபோனதற்கு இவ்வட்டாரத்து மக்கள் கண்ட அடையாளம் எங்கும் ஒன்றே: பயன்பட்டதன் தேய்மானம். கைப்பேசியில் வரும் தெய்வம் தேய்வதில்லை. அதில் புகை படிவதில்லை. அரசமரத்தடியில் அதனைச் சாத்திவைக்கவும் இயலாது. அதனை அழிக்க விரல் நீட்டிவிட்டு, மனம் வராமல் விரலை மடக்கிக்கொள்ளும் முதியோரை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தயக்கத்தில்தான் பழைய நம்பிக்கையின் கடைசித் துணுக்கு ஒளிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. அத்தயக்கத்துக்குப் புதிய சடங்கு ஒன்றை நம் மக்களே ஒருநாள் கண்டறிவர். நாட்காட்டிக்கு முதற்பொட்டு வைத்தவர்களுக்கு அது இயலாத செயலன்று.

நம் வட்டத்துக் கவிஞர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சொல்லைக் கொடுத்தால் கவிதையும் வருகின்ற காலம் இது. வரட்டும். நாம் எழுதும் வரியைப் பற்றி நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது அது அழகாக இருக்கிறதா என்பது மட்டுமன்று. அதில் யாரேனும் நடந்த தேய்மானம் தெரிகிறதா என்பதே. அத்தோடு, வரும் பங்குனிக்கும் சித்திரைக்கும் நம் ஊர்க் கொடைகளில் ஒரு வில்லுக் குழுவையேனும் அழைப்பிக்க நாம் முயலலாம். குடத்தின்மேல் வில் ஏறும் ஓர் இரவைக் காப்பது, அக்குழுவுக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. கேட்பவரின் முகம் பார்த்துப் பாடும் வழக்கத்தை நமக்கே நாம் காத்துக்கொள்வதுமாகும்.